பூ காத்திருக்காது: கஸன்லக் பள்ளத்தாக்கின் கணக்கு

துருக்கி மொழியில் கஸன் என்றால் கொப்பரை. கஸன்லக் என்றால் கொப்பரைகள் இருக்கும் இடம். பல்கேரியாவின் நடுவில் இருக்கும் இந்த ஊரின் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். உலகம் இந்தப் பகுதியை ரோஜாப் பள்ளத்தாக்கு என்று அழைக்கிறது. ஆனால் ஊருக்குப் பெயர் பூவால் வரவில்லை, பூவை வேகவைத்த பாத்திரத்தால் வந்தது. பெயர் வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களோ இல்லையோ, இந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும் ஒன்றோடொன்று எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. பூ கிராமத்தில் இருக்கிறது. கொப்பரை வேறொருவரிடம் இருக்கிறது.

வடக்கே ஸ்தாரா பிளானினா, அதாவது பால்கன் தீபகற்பத்துக்கே பெயர் கொடுத்த பால்கன் மலைத்தொடர். தெற்கே அதைவிடத் தணிந்த ஸ்ரெட்னா கோரா. இரண்டுக்கும் இடையில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது பள்ளத்தாக்கு. மேற்குப் பாதியில் ஸ்த்ரியாமா ஆறும் கார்லோவோ ஊரும். கிழக்குப் பாதியில் துன்ஜா ஆறும், நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கஸன்லக்கும். வடக்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்றைப் பெரிய மலை தடுத்துவிடுகிறது. அதனால் குளிர்காலம் செடியைக் கருக்குவதில்லை. மண் மணல் கலந்தது, தண்ணீர் தேங்காது. மே மாதத்தில் லேசான மழையும் காலைப் பனியும் இருக்கும். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். வறண்ட வெயிலடிக்கும் மே மாதம் வந்தால் பூக்கள் ஒரே மூச்சில் விரிந்து, வாசனையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு உதிர்ந்துபோகும். ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால் பூப்பு மூன்று நான்கு வாரத்துக்கு நிதானமாக நீளும்.

இங்கே வளர்வது டமாஸ்க் ரோஜா. சுமார் முப்பது இதழ், வெளிர் சிவப்பு, பார்வைக்கு எளிமையான பூ. நம் ஊரில் மாலை கட்டவும் குல்கந்து கிளறவும் பயன்படும் பன்னீர் ரோஜா இதற்கு உறவுக்காரி. அழகுப் போட்டி வைத்தால் கடை ரோஜாவிடம் தோற்றுப்போகும். பூ ஜாடியில் வைத்தால் ஒரு நாள் தாங்காது. அதன் மதிப்பு முழுக்க இதழுக்குள் இருக்கும் எண்ணெயில்தான். அந்த எண்ணெயோ துளியூண்டு. ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். ஒரு கிலோ பூ என்பது முந்நூறு நானூறு மலர். பெருக்கிப் பார்த்தால் ஒரு கிலோ எண்ணெய்க்குப் பத்து லட்சம் மலருக்கு மேல். ஒவ்வொன்றையும் ஒரு கை காம்பைக் கிள்ளி எடுத்தாக வேண்டும்.

எப்போது எடுக்க வேண்டும் என்பதில்தான் கதை இருக்கிறது. பறிப்பு விடியற்காலை ஐந்து மணி வாக்கில் தொடங்கும். பத்து மணிக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். பனி ஈரத்தோடு அரைகுறையாக விரிந்திருக்கும் பூவில்தான் எண்ணெய் நிறைய இருக்கும். வெயில் ஏற ஏற அது ஆவியாகிக்கொண்டே போகும். மதியம் பறித்த பூவும் பூதான், எடையும் ஏறக்குறைய அதேதான், ஆனால் கொப்பரையில் போட்டால் எண்ணெய் கணிசமாகக் குறையும். கை பழகிய ஒருவர் ஒரு காலையில் முப்பது நாற்பது கிலோ பறிப்பார். முள் குத்தாமல் இருக்காது. கையுறை போட்டால் வேகம் போய்விடும் என்று வெறுங்கையோடு பறிப்பவர்களும் உண்டு.

பறித்தது மூட்டைக்குள் போகிறது. வரப்போரத்தில் தராசு, பக்கத்திலேயே டிராக்டர் டிரெய்லர். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தால் ஒன்று புரியும்: உள்ளே சூடாக இருக்கும். அழுத்தி அடைத்த இதழ்கள் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றன, அந்தச் சூட்டிலேயே புளிக்க ஆரம்பிக்கின்றன. சில மணி நேரம் தாமதித்தால் எண்ணெய் குறையும், வாசனை கெடும். ஆகவே காலையில் பறித்த பூ அன்றைக்கே கொப்பரைக்குப் போயாக வேண்டும். கோதுமையைக் குதிரில் கொட்டி வைக்கலாம், உருளைக்கிழங்கைக் கிடங்கில் போட்டுவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்கலாம். ரோஜா விவசாயியால் மாலைவரைகூடக் காத்திருக்க முடியாது. வடிப்பாலைக்காரர் வாசலில் டிரெய்லரை நிறுத்திவிட்டு அவர் சொல்லும் விலையைக் கேட்கும் விவசாயியின் கையில் பேரம் பேச என்ன இருக்கிறது? திரும்பிப் போனால் மிச்சம் உரம்தான்.

எண்ணெய் கதை வேறு. மூடிய பாத்திரத்தில், குளிர்ந்த இருட்டில் வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். விலை சரியில்லையா, பூட்டி வைக்கலாம், அடுத்த ஆண்டு விற்கலாம். ஒரே பொருளின் இரண்டு நிலைகள். ஒன்று மதியத்துக்குள் செத்துவிடும், மற்றது காத்திருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் யார் பணக்காரர், யார் கடன்காரர் என்பதைப் பெரும்பாலும் இந்த வித்தியாசமே முடிவுசெய்து வந்திருக்கிறது.

சரி, கொப்பரைக்குள் என்ன நடக்கிறது? சுமாராக 500 கிலோ பூவை அதைப் போல நான்கு மடங்கு தண்ணீரோடு போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். ஆவி குளிர்ந்து நீராகி இறங்கும்போது, நீரின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் மிதக்கும். அது முதல் எண்ணெய், கொஞ்சம்தான் கிடைக்கும். வாசனையின் பெரும்பகுதி அந்த வடிநீரிலேயே கரைந்து கிடக்கிறது. எனவே அந்த நீரை மறுபடியும் காய்ச்சி வடிக்கிறார்கள். மொத்த எண்ணெயில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வடிப்பில்தான் வருகிறது. இரண்டையும் கலந்தால்தான் அது முழுமையான ரோஜா எண்ணெய். மிஞ்சும் நீர் பன்னீர். வெறும் ஒரு தடவை வடித்துவிட்டு நீரைக் கொட்டியிருந்தால் இந்தத் தொழிலே கட்டுப்படியாகியிருக்காது.

பழைய நாளில் இதெல்லாம் சின்ன அளவில் நடந்தது. நூற்றுச் சொச்சம் லிட்டர் பிடிக்கும் செம்புக் கொப்பரை, ஓடைக்கரையில் ஒரு கொட்டகை, அடியில் விறகு, பக்கத்தில் குளிர வைக்கும் மரத்தொட்டி. அந்தக் கொட்டகைக்குக் குலபானா என்று பெயர். குல் என்பது ரோஜா. ஓடை ஓடும் கிராமத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குலபானாக்கள் இருந்தன. எண்ணெயைக் கொங்கும் என்ற தட்டையான, ஈயம் பூசிய செம்புக் குடுவையில் ஊற்றி, வாயை அடைத்து, கம்பளித் துணி போட்டுத் தைத்து முத்திரை வைத்து இஸ்தான்புல்லுக்கு அனுப்புவார்கள். சில்லறை அளவு முஸ்கால். ஒரு முஸ்கால் ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப்போகும், பூவேலை செய்த மரச்சிமிழுக்கும் அதே பெயர்தான். உள்ளே கண்ணாடிக் குப்பியில் சில துளி இருக்கும். அந்தத் துளியிலும் எவ்வளவு ரோஜா என்பது கடையைப் பொறுத்தது.

கலப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் ரோஜா எண்ணெய் வரலாற்றைச் சொல்ல முடியாது. அதில் இந்தியாவுக்கும் ஒரு கை உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் வளரும் ரோஷாப் புல்லிலிருந்து வடிக்கும் பாமரோசா எண்ணெயில் ஜெரானியோல் என்ற பொருள் மிகுதி. ரோஜா எண்ணெயின் முக்கியக் கூறுகளில் ஒன்றும் அதேதான். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் புல்லெண்ணெய் பம்பாயிலிருந்து கப்பலேறி செங்கடல் வழியாக இஸ்தான்புல் போனது. அங்கிருந்து பால்கன் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து ரோஜாவோடு கலந்தது. எண்ணெயில் ஊற்றிக் கலப்பது ஒரு வகை. கொப்பரையில் போடுமுன் பூவின் மேலேயே தெளித்துவிடுவது கைதேர்ந்தவர்களின் வகை. ஐரோப்பிய வாசனை வியாபாரிகள் இதை ‘துருக்கி ஜெரானியம் எண்ணெய்’ என்று அழைத்தார்கள். அது துருக்கியும் இல்லை, ஜெரானியம் என்ற செடியும் இல்லை. வியாபாரப் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

வாங்குகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. நல்ல ரோஜா எண்ணெயில் வாசனையே இல்லாத மெழுகுப் பொருள் ஒன்று இருக்கிறது. அதனால் இருபது டிகிரி வாக்கிலேயே எண்ணெய் உறையத் தொடங்கி, பளபளக்கும் சில்லுகள் கட்டும். புல்லெண்ணெய் கலந்தால் அந்த வெப்பநிலை இறங்கிவிடும். ஆகவே குப்பியைக் குளிர வைத்து எப்போது உறைகிறது என்று பார்ப்பது சோதனையாயிற்று. உடனே கலப்படக்காரர்கள் திமிங்கிலத் தலையிலிருந்து எடுக்கும் மெழுகையும் சேர்த்து உறைநிலையைச் சரிக்கட்டினார்கள். இந்தியப் புல், கடல் திமிங்கிலம், பால்கன் ரோஜா எல்லாம் ஒரே குப்பியில். இவ்வளவு மெனக்கெடலும் சும்மா இல்லை. எடைக்கு எடை வெள்ளியை எல்லாம் தாண்டிப் போகும் பொருளில் நூற்றுக்குப் பத்து கலந்தாலே லாபம் எங்கோ போய்விடும். 1907-இல் கஸன்லக்கில் தொடங்கிய ரோஜா ஆய்வுத் தோட்டம்தான் இன்று ரோஜா, நறுமணச் செடிகளுக்கான ஆய்வு நிறுவனமாக இருக்கிறது.

எவ்வளவோ கலந்து பார்த்தும் ரோஜாவை முழுசாகப் போலி செய்ய முடியாமல் போனதற்கு ஒரு காரணம் 1970-இல் தெரியவந்தது. எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு கூறுக்கு வாசனையில் பெரும் பங்கு இருந்தது. சுவிட்சர்லாந்து வேதியியலாளர்கள் அதைப் பல்கேரிய ரோஜா எண்ணெயில்தான் கண்டுபிடித்து, பூவின் பெயரையொட்டி டமாசெனோன் என்று பெயரிட்டார்கள்.

இனி அரசியல். இந்தப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 500 ஆண்டுகள் ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் இருந்தது. ரோஜாத் தொழில் வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். 1877-இல் ரஷ்யாவுக்கும் ஒட்டோமான்களுக்கும் போர் மூண்டபோது, ஊருக்கு வடக்கே இருக்கும் ஷிப்கா கணவாய்தான் மலையைத் தாண்டும் முக்கிய வழி. மாதக்கணக்கில் அங்கே சண்டை நடந்தது. 1878 ஜனவரியில் ஷெய்னோவோ கிராமத்தருகே ஒட்டோமான் படை சரணடைந்தது. போருக்குப் பின் முஸ்லிம்கள் பெருவாரியாக வெளியேறினார்கள். ஸ்கோபெலெவோ என்ற கிராமம் ரஷ்யத் தளபதி ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஷிப்கா கிராமத்துக்கு மேலே தங்கக் குமிழ்களோடு நினைவுத் தேவாலயம் எழுந்து 1902-இல் திறக்கப்பட்டது.

வெளியேறிய முஸ்லிம்கள் ரோஜாவையும் கொண்டு போனார்கள். துருக்கியின் இஸ்பார்ட்டா பகுதியில் ரோஜா வேரூன்றியது அதற்கடுத்த ஆண்டுகளில்தான். நாற்றுக் குச்சியைக் கைத்தடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததாக அங்கே கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இன்று உலக ரோஜா எண்ணெயின் பெரும்பகுதி பல்கேரியா, துருக்கி என்ற இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் வருகிறது. ஒரே செடியின் இரண்டு வீடுகள், ஒன்றுக்கொன்று போட்டி.

ஆட்சி மாறியது, கொப்பரைக்காரர்களும் மாறினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமத்துக் குலபானாக்களை நீராவியில் ஓடும் பெரிய வடிப்பாலைகள் ஓரங்கட்டின. 1947-இல் கம்யூனிஸ்ட் அரசு எல்லாவற்றையும் நாட்டுடைமை ஆக்கியது. நிலம் கூட்டுப்பண்ணைகளுக்குப் போனது, எண்ணெய் வியாபாரம் அரசின் தனியுரிமை ஆனது. விவசாயி அதற்காகச் செழித்துவிடவில்லை. ஆனால் மூட்டையோடு வாசலில் நின்று பேரம் பேசும் வேலை இல்லாமல் போனது. பறிப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளும் மாணவர்களும்கூட வயலுக்கு வந்தார்கள்.

1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தபின் அதுவும் சரிந்தது. 1991-இன் நிலச் சட்டம் பண்ணை நிலங்களைப் பழைய உரிமையாளர்களுக்கும் வாரிசுகளுக்கும் திருப்பிக் கொடுத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 40 ஆண்டுகளில் ஒரு தாத்தாவின் வயலுக்கு எத்தனை பேரன் பேத்திகள் வந்துவிட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் எந்த நகரத்தில் இருக்கிறார்கள்? நிலம் துண்டு துண்டாகப் போனது. கவனிப்பார் இல்லாமல் ரோஜாத் தோட்டங்கள் களை மண்டிக் கிடந்தன, பலவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைத்தார்கள். மீண்டும் உயிர் வந்தது 2000-க்குப் பிறகு. பல்கேரியா 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் மானியம் வந்தது, இயற்கை முறையில் விளைந்த எண்ணெய்க்குத் தேவை வந்தது. 2014-இல் பல்கேரிய ரோஜா எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்புறம் நடந்தது எந்தப் பணப்பயிர் விவசாயியும் ஊகிக்கக்கூடியது. நல்ல விலை வந்தது, எல்லோரும் நட்டார்கள். ரோஜா முழு விளைச்சலுக்கு வர மூன்று ஆண்டாவது ஆகும். ஆகவே இன்றைய விலையைப் பார்த்து நட்டவருக்குப் பூ வரும்போது, அதே விலையைப் பார்த்து நட்ட மற்ற எல்லோருக்கும் பூ வந்திருக்கும். 2018 வாக்கில் பூ விலை மளமளவென்று சரிந்தது. வடிப்பாலைகளில் பழைய எண்ணெயே விற்காமல் இருக்கும்போது புதுப் பூவுக்கு ஏன் விலை கொடுப்பார்கள்? விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். பறிக்கும் கூலிக்கே கட்டாது என்று பூவைச் செடியிலேயே விட்டவர்களும் உண்டு. 2020-இல் எண்ணெய் ரோஜாவுக்கென்றே தனிச் சட்டம் அமலுக்கு வந்தது. யார் எவ்வளவு பயிரிடுகிறார், யார் வடிக்கிறார் என்று பதிவேடு வைக்கவும் பூ எங்கிருந்து எங்கே போகிறது என்று தடம் பார்க்கவும் அது வழி செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவேடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மூட்டைக்குள் சூடு ஏறுவதை நிறுத்தாது. விவசாயிகள் சேர்ந்து சொந்தமாகக் கொப்பரை வைத்துக்கொண்டால் ஒழிய இந்தப் பேரம் சமமாகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிலர் அப்படிச் சிறு வடிப்பாலைகள் தொடங்கியும் இருக்கிறார்கள்.

விவசாயிக்குக் கீழே இன்னும் ஒரு படி இருக்கிறது: பறிக்கும் கை. அது பெரும்பாலும் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் கை, கிராமத்துத் துருக்கியர்களின் கை. கூலி கிலோக் கணக்கில், பெரும்பாலும் அன்றன்றைக்கு ரொக்கமாக. வேலை சில வாரம் மட்டும். மீதி ஆண்டுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய எல்லைகள் திறந்தபின் இவர்களில் பலர் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். அங்கே ஸ்ட்ராபெரி பறித்தாலும் இதைவிடக் கூடுதல் வருமானம். ஆக ஒவ்வொரு மே மாதமும் வயல்காரருக்கு இரண்டு கவலை: பூவுக்கு விலை கிடைக்குமா, பூவைப் பறிக்க ஆள் கிடைக்குமா. வேடிக்கை என்னவென்றால், பூ காத்திருக்காது என்ற விஷயம் இங்கே மட்டும் கூலியாளுக்குச் சாதகமாகத் திரும்பும். ஆள் குறைந்த ஆண்டில் கிலோவுக்கு இவ்வளவு தந்தால்தான் என்று அவர்களும் பேச முடிகிறது.

இதுவரை சொன்னதை வைத்து கஸன்லக் ரோஜாவால் பிழைக்கும் ஊர் என்று நினைத்தால் அது தவறு. ஊருக்குச் சோறு போடுவது துப்பாக்கி.

ஆர்செனல் என்ற ஆயுதத் தொழிற்சாலை 1878-இல் டான்யூப் கரையில் ருசே நகரில் பிறந்து, சோஃபியாவுக்கு மாறி, 1920-களில் கஸன்லக்குக்கு வந்தது. எல்லைகளிலிருந்து தள்ளி, இரண்டு மலைகளுக்கு நடுவே, ஆயுதம் செய்ய இதைவிடத் தோதான இடம் பல்கேரியாவில் குறைவு. பனிப்போர் காலத்தில் கலாஷ்னிக்கோவ் துப்பாக்கியின் பல்கேரிய வார்ப்புகள் இங்கிருந்துதான் வெளியே போயின. பள்ளத்தாக்கின் மேற்கே, கார்லோவோவுக்குப் பக்கத்தில் சோபோத் என்ற சிறு ஊரிலும் இன்னொரு பெரிய ஆயுத ஆலை இருக்கிறது. 1990-களில் ரோஜாவைப் போலவே இவையும் தள்ளாடின. சோவியத் அணியின் ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் கலைந்தது, வாங்க ஆளில்லை. பிறகு சிரியாவில் போர் வந்தது, 2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. சோவியத் அளவிலான குண்டுகளைச் செய்யத் தெரிந்த ஆலைகளுக்கு மறுபடி ஆர்டர்கள் குவிந்தன. ஆர்செனலில் இன்று பல ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷிப்டுக்கு ஏற்றிவர பஸ்கள் ஓடுகின்றன.

கிராமத்து இளைஞர் ஒருவரின் இடத்திலிருந்து பார்க்கலாம். ஒரு பக்கம் மூன்று வார முள் வேலை, அல்லது விலை தெரியாத பயிர். மறுபக்கம் பன்னிரண்டு மாதச் சம்பளம், காப்பீடு. எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் மர்மமில்லை. ரோஜா ஊருக்கு முகவரி தருகிறது, வாடகை தருவது ஆர்செனல். எந்தச் சுற்றுலாச் சுவரொட்டியிலும் இந்த இரண்டாவது விஷயம் இருக்காது.

பள்ளத்தாக்குக்கு அடியிலும் ஒரு ஊர் இருக்கிறது. 1944-இல் ஊரின் ஓரத்துக் குன்றில் படைவீரர்கள் பள்ளம் தோண்டியபோது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில், இந்தப் பகுதியின் பழங்குடிகளான திரேசியர்கள் கட்டிய கல்லறை ஒன்று வெளிப்பட்டது. குவிமாடத்தின் உட்புறத்தில், கணவனும் மனைவியும் கைகோத்து அமர்ந்திருக்கும் விருந்துக் காட்சி வண்ணம் மங்காமல் இருந்தது. 1979-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூச்சுக் காற்றின் ஈரம் ஓவியத்தைக் கெடுத்துவிடும் என்பதால் பொதுமக்களுக்குப் பக்கத்திலேயே அதன் நகலைக் கட்டிவைத்திருக்கிறார்கள். 1948-இல், துன்ஜாவில் அணை கட்டும்போது செவ்தோபொலிஸ் என்ற நகரமே கிடைத்தது. மூன்றாம் செவ்தெஸ் என்ற திரேசிய அரசன் தன் பெயரிலேயே கட்டிய தலைநகரம் அது. ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் தோண்டி, வரைந்து, அளந்து முடித்தார்கள். பிறகு அணை நிரம்பியது. இன்று கொப்ரின்கா நீர்த்தேக்கத்தின் அடியில் அந்த நகரம் கிடக்கிறது. சுற்றிச் சுவரெழுப்பி நீரை விலக்கி அதைக் காட்டலாம் என்று ஒரு கட்டடக்கலைத் திட்டம் கொஞ்ச காலமாகப் பேசப்படுகிறது, பேச்சளவில். 2004-இல் ஷிப்காவுக்கு அருகே மேட்டுக் கல்லறை ஒன்றின் முன்னால் அதே அரசனுடையதாகக் கருதப்படும் வெண்கலத் தலை கிடைத்தது. கண்களில் கண்ணாடிப் பசையும் இமைமயிராகச் செம்புக் கீற்றுகளும் வைத்த தலை. புகைப்படத்தில் பார்த்தாலே நம்மைத் திரும்பப் பார்ப்பது போலிருக்கும்.

திருவிழாவைச் சொல்லாமல் விட்டால் கஸன்லக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1903 முதல் ரோஜாத் திருவிழா நடக்கிறது. பள்ளிப் படிப்பை முடிக்கும் பெண்களில் ஒருத்தியை ரோஜா ராணியாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஜூன் மாத முதல் வார இறுதியில் ஊர்வலம், ஆட்டுத்தோல் போர்த்தி மணி கட்டி ஆடும் குக்கெரி ஆட்டக்காரர்கள், வெளிநாட்டுப் பயணிகள். காலையில் பக்கத்துக் கிராமத்து வயலில் விருந்தினருக்காகப் பறிப்புச் சடங்கு: எம்பிராய்டரி உடுத்திய பெண்கள், கையில் பிரம்புக்கூடை. வசந்தம் சீக்கிரமே சூடாகிவிடும் ஆண்டுகளில், அந்த வார இறுதி வருமுன்பே பெரும்பாலான வயல்களில் பறிப்பு முடிந்து, டிரெய்லர்கள் கொட்டகைக்குப் போயிருக்கும்.